ஏற்றம் எத்தனை மணிக்கு? தெரியாத கழிமுகத்தில் படகு இறக்கும் முன்

சனிக்கிழமை மாலையானால் நெய்வேலியிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ யாராவது ஒரு நண்பர் தொலைபேசியில் அழைப்பார். "நாளைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு?" கடலூர் முதுநகரில் குடியிருப்பவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற நம்பிக்கை. "எந்த இடத்தில்?" என்று திருப்பிக் கேட்பேன். "கடலில்தான்" என்பார். ஆனால் அவர் தூண்டில் போடப் போவதோ ஆற்றில்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓதம் பற்றி ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறோம். நிலா உச்சிக்கு வந்தால் ஏற்றம் என்பார் ஒருவர். ஏற்றம் முடிந்த நிமிடமே ஆற்று நீர் கடலை நோக்கித் திரும்பிவிடும் என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. இரண்டாவது தவறை நம்பி நானே ஒரு முழு நாளைச் சேற்றில் கழித்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. தெரியாத ஆற்றுக்குப் படகில் மீன் பிடிக்கப் போகிறவர், தூண்டிலும் இரையும் வாங்குவதற்கு முன் ஓதம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

ஓதம் வேறு, அலை வேறு

கரையில் நின்றால் சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து காலை நனைத்துப் போவது அலை. அதைக் கிளப்புவது காற்று. கடல் மட்டமே பல மணி நேரம் எடுத்து மெல்ல உயர்ந்து, பிறகு மெல்லத் தாழ்வது ஓதம். மட்டம் உயர்வதை ஏற்றம் என்றும் தாழ்வதை வற்றம் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

மூன்றாவதாகச் சுனாமியையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள் என்பது உண்மைதான். தேவனாம்பட்டினத்தை வாரிச் சுருட்டிய அலைக்குக் காரணம் சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம். நிலவின் மேல் பழி போட வேண்டாம்.

மூன்று பையன்கள் ஓடிய கதை

ஓதம் ஏன் ஒரு நாளில் இருமுறை வருகிறது? நிலா இருக்கும் பக்கம் கடல் உயர்வது எளிதாகப் புரிகிறது. எதிர்ப்பக்கமும் அதே நேரத்தில் உயர்கிறதே, அது எப்படி?

ஒரே கோட்டில் நின்ற மூன்று பையன்கள் ஒரே திசையில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவன் வேகமாக ஓடுகிறான், நடுவில் இருப்பவன் அவனைவிடச் சற்று மெதுவாக, பின்னால் இருப்பவன் இன்னும் மெதுவாக. கொஞ்ச நேரத்தில் நடுப்பையன் திரும்பிப் பார்த்தால், முன்னவனும் தன்னைவிட்டு விலகியிருப்பான், பின்னவனும் விலகியிருப்பான். நிலவின் ஈர்ப்பும் இப்படித்தான். நிலவுக்கு அருகில் இருக்கும் கடலை அது அதிகமாக இழுக்கிறது, பூமியின் நடுப்பகுதியை அதைவிடக் குறைவாக, மறுபக்கக் கடலை இன்னும் குறைவாக. பூமியை நடுப்பையனாக வைத்துப் பார்த்தால் நீர் இருபக்கமும் நீள்கிறது. பூமி சுழலும்போது நம் கரை இந்த இரண்டு மேடுகளையும் கடக்கிறது. அதனால்தான் நம் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

ஆனால் நிலா தலைக்கு மேல் வரும் நேரமும் ஏற்றம் உச்சமாகும் நேரமும் ஒன்றல்ல. கண்டங்கள் குறுக்கே நிற்கின்றன, கடலடி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அந்த மேடு சுற்றி வளைந்துதான் நம் கரைக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு கரைக்கும் இந்தத் தாமதம் வேறு.

பஞ்சாங்கத்துக்குள் ஓர் ஓத அட்டவணை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை வந்த ஏற்றம் நாளை சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிடுகிறது, அதை எட்டிப் பிடிக்க அந்தக் கூடுதல் நேரம்.

இப்போது திதியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை விட்டு நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. 12 பாகை சுழல எவ்வளவு நேரம்? 48 நிமிடம். ஓதம் ஒரு நாளைக்குப் பின்தங்கும் நேரமும் ஏறத்தாழ அதுவேதான். எனவே உங்கள் துறையில் அமாவாசையன்று ஏற்றம் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவிட்டால் போதும். காலை 8.30 என்று வைத்துக்கொள்வோம். பிரதமைக்கு 9.20, துவிதியைக்கு 10.10 என்று போய், அஷ்டமியன்று மதியம் இரண்டு, மூன்று மணியில் வந்து நிற்கும். பௌர்ணமிக்குத் திரும்ப 8.30 வாக்கில். சில நாட்களில் இது அரைமணி, முக்கால் மணி முன்பின் ஆகும். ஆனாலும் தினசரி நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே அன்றைய ஏற்றத்தை ஊகிக்க முடிகிறது. கைபேசியில் சிக்னல் கிடைக்காத ஓடையில் இந்தக் கணக்கு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

சூரியனும் கடலை இழுக்கிறது. அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இருவரும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் அதிகம் ஏறுகிறது, வற்றம் அதிகம் வற்றுகிறது. இதைப் பெரிய ஓதம் என்போம். அஷ்டமியை ஒட்டி இருவரும் செங்கோணத்தில் இழுப்பதால் வித்தியாசம் சுருங்குகிறது. இது சிறிய ஓதம். பெரும்பாலும் திதிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தே இவற்றின் முழு விளைவும் கரையில் தெரியும்.

இதுவரை பார்த்தது: ஒரு நாளில் இரண்டு ஏற்றம், ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடத் தாமதம், நிலவின் பிறையைப் பொறுத்து அளவு கூடும், குறையும். இவை எல்லாம் கடலுக்கான கணக்கு. ஆறு இனிமேல்தான் வருகிறது.

அட்டவணையில் இருக்கும் மீட்டர் எந்த மீட்டர்?

ஓத அட்டவணையில் நேரத்தோடு ஓர் உயரமும் இருக்கும்: 0.9 மீட்டர், 0.2 மீட்டர் என்று. அதைப் பார்த்து "ஆற்றில் 0.9 மீட்டர் ஆழம் இருக்கும்" என்று முடிவு செய்தவரை எனக்குத் தெரியும். படித்தவர், பொறியாளர்.

கோயில் குளத்தில் "எட்டாம் படி வரை தண்ணீர்" என்று சொல்வோமல்லவா? அதிலிருந்து குளத்தின் ஆழம் தெரியாது. போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்றுதான் தெரியும். அட்டவணை உயரமும் அப்படி ஒரு படி எண். கடல் மிகவும் வற்றும் நிலையை ஒட்டி ஒரு மட்டத்தைச் சுழியமாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்கிறது. நீங்கள் போகும் ஓடையின் அடிமட்டம் அந்தச் சுழியத்துக்குக் கீழே இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். மேலே இருந்தால் வற்றத்தில் அங்கே நண்டு நடந்துபோகும்.

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பத்து மீட்டர் வாக்கில் போகும். கடலூர், புதுச்சேரிக் கரையில் பெரிய ஓதத்திலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இவ்வளவுதானா என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. எஞ்சின் விசிறி தரையில் இடிக்காமல் ஃபைபர் படகு போக, முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டும். நம் கழிமுகங்களில் பல இடங்களில் மொத்த ஆழமே இடுப்பளவுதான். அதில் எண்பது சென்டிமீட்டர் போனால் என்ன மிஞ்சும்?

அந்த எண்பதும் சீராகப் போவதில்லை. ஊஞ்சல் இரண்டு முனைகளிலும் தயங்கி, நடுவில் வேகமெடுக்கும். ஓதமும் அப்படியே. வற்றம் தொடங்கிய முதல் மணியில் ஏழு சென்டிமீட்டர்தான் குறையும், இரண்டாவதில் பதின்மூன்று. மூன்றாவது, நான்காவது மணிகளில் இருபது இருபது. பிறகு பதின்மூன்று, ஏழு. முதல் மணியைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைப்பவர் மூன்றாவது மணியில் மாட்டிக்கொள்கிறார்.

ஆறு ஏன் தாமதமாக நடக்கிறது

கழிமுகம் என்பது ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர்ப் பகுதி. முகத்துவாரம் அதன் வாசல். கடலூரில் கெடிலமும், உப்பனாறு என்று நாங்கள் சொல்லும் பரவனாறும், தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும், புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாறும் அதன் கிளையான அரியாங்குப்பம் ஆறும் இப்படிப்பட்டவை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. ரோமாபுரிச் சரக்கு வந்திறங்கிய துறை. அந்தக் கால மாலுமிகளும் இதே வாசலில் தண்ணீருக்காகக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு தொட்டிகளை ஒரு மெல்லிய குழாயால் இணையுங்கள். முதல் தொட்டியில் நீர் மட்டத்தை ஏற்றினால் இரண்டாவதற்கு நீர் ஓடும், ஆனால் குழாய் குறுகல் என்பதால் உடனே சமமாகாது. இப்போது முதல் தொட்டியைக் குறைக்கத் தொடங்குங்கள். என்ன நடக்கும்? முதல் தொட்டியின் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போதும், அது இரண்டாவதைவிட உயரமாக இருக்கும்வரை, நீர் இரண்டாவதற்குள் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாகும் கணத்தில் ஓட்டம் நிற்கும். அதன் பிறகுதான் திரும்பும்.

முதல் தொட்டி கடல், குழாய் முகத்துவாரம், இரண்டாவது தொட்டி ஆறு. கடலில் ஏற்றம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும் முகத்துவாரத்தில் நீர் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும். மட்டம் ஒரு நேரத்தில் திரும்புகிறது, ஓட்டம் வேறொரு நேரத்தில் திரும்புகிறது. முகத்துவாரம் மணல் மூடிக் குறுகினால் இந்த இடைவெளி கூடும். உள்ளே ஏறி இறங்கும் அளவும் குறையும். ஆற்றில் மேலே போகப் போகத் தாமதம் இன்னும் சேரும். ஆற்று நீரும் கடலை நோக்கித் தள்ளுவதால், பொதுவாக ஏற்றத்தைவிட வற்றம் நீண்ட நேரம் ஓடும்.

ஆக, அட்டவணை சொல்வது ஒரு துறைமுகத்தில் மட்டம் உச்சமாகும் நேரம். நீங்கள் போகும் ஓடையில் நீர் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பதை அது சொல்லவில்லை.

சேற்றில் ஆறரை மணி நேரம்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி அமாவாசைக்கு மறுநாள், நானும் மைத்துனரும் வெள்ளாற்றுப் பக்கம் முதல்முறையாகப் போனோம். கைபேசியில் பார்த்த ஏற்ற நேரம் காலை 8.45. உச்சத்தில் ஒரு பக்க ஓடைக்குள் நுழைந்து, ஒன்பதரைக்கு நீர் திரும்பியதும் வெளியே வந்து ஓடை வாயில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவது திட்டம்.

ஒன்பதரைக்கும் நீர் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. மிதந்துவந்த அலையாத்தி இலை ஒன்று எங்களைத் தாண்டி ஓடைக்குள் போனதை இருவரும் பார்த்தோம். "நேரம் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஏறுகிறது" என்று நான் அறிவித்தேன். இன்னும் உள்ளே போனோம். மடவை துள்ளிக்கொண்டிருந்தது, கிழங்கான் நான்கைந்து கிடைத்தது, நேரம் போனது தெரியவில்லை. பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது ஓடை வாயில் குறுக்கே ஒரு மணல் மேடு, அதன் மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர். வரும்போது அப்படி ஒரு மேடு இருந்ததே தெரியாது.

சற்று தூரத்தில் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் வந்து பார்த்தார். நான் கைபேசியைக் காட்டி 8.45 என்றேன்.

"இது எந்த ஊர்த் தண்ணீர், தம்பி?"

"சென்னை, ஐயா."

"அப்படியானால் படகைச் சென்னையில் அல்லவா இறக்கியிருக்க வேண்டும்?"

சிரித்துவிட்டு, அருகில் இருந்த அலையாத்தி வேரைக் காட்டினார். கீழே கறுப்பாக நனைந்திருந்த பகுதிக்கும் மேலே வெளுத்துக் காய்ந்த பகுதிக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. "இந்தக் கோடு நனைந்திருக்கும்போதே வெளியே வந்திருக்க வேண்டும்" என்றார். அந்த இடைவெளி வளர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். சூரிய வெப்பத்தில் சேறு காய்ந்தது, குழிகளிலிருந்து நண்டுகள் வந்து எங்களை வேடிக்கை பார்த்தன. இருட்டிய பிறகு ஏழு மணிக்கு, இறங்கித் தள்ளித்தான் வெளியே வந்தோம்.

தொட்டிக் கணக்கு தெரிந்திருந்தால் நடந்தது புரிந்திருக்கும். கடல் 8.45க்கே இறங்கத் தொடங்கிவிட்டது. ஓடைக்குள் நிரம்ப இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் ஏற்றத்தின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

திட்டத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து போடுங்கள்

புதிய ஆற்றுக்குப் போகிறவர்கள் கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்கிறார்கள். நான் இப்போதெல்லாம் தலைகீழாகச் செய்கிறேன். வழியில் மிகவும் ஆழம் குறைந்த இடம் எது, அதைத் திரும்பி வரும்போது எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும்? மற்ற நேரங்கள் எல்லாம் அதற்கு அடங்கியவை.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முடிந்தால் முந்தைய நாள் வற்றத்தில் கரையோரமாக நடந்து பார்ப்பது. ஏற்றத்தில் ஆறு எல்லா இடமும் ஒரே மாதிரி, கண்ணாடி போல இருக்கும். வற்றத்தில்தான் மணல்திட்டு, ஆளி ஒட்டிய பாறை, வலை கட்ட நட்ட கழிகள், மூழ்கிய மரம் எல்லாம் வெளியே தெரியும். அங்கேயே ஒரு குச்சியை நட்டு, நீர் மட்டத்தில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். அட்டவணை சொல்லும் வற்ற நேரத்துக்கு எவ்வளவு கழித்து மட்டம் ஏறத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஆற்றின் தாமதம் ஏறத்தாழ அதுதான். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மழைக்காலத்துக்குப் பிறகு மறுபடி சரிபாருங்கள்.

நுழைவது ஏற்றத்தின் பாதியில் இருக்கட்டும். தரை தட்டினாலும் ஏறும் நீர் கால் மணியில் தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் அப்படியே உட்கார வேண்டியதுதான். அதிலும் மோசமானது பெரிய ஓதத்தின் உச்சத்தில் போய் மேட்டில் ஏறிவிடுவது: அடுத்தடுத்த நாட்களில் ஏற்றம் சிறுத்துக்கொண்டே போகும், படகை எடுக்க அடுத்த பௌர்ணமியோ அமாவாசையோ வரவேண்டியிருக்கும்.

மீனுக்கும் இதே கணக்குத்தான். ஓடாத நீரில் மீன் பெரும்பாலும் கடிக்காது. வற்றம் தொடங்கியதும் ஓடைகளில் இருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே வரும், கொடுவா வாயில் காத்திருக்கும். ஆகவே அந்த நேரத்தில் நீங்கள் ஓடைக்கு வெளியே இருக்க வேண்டும். நாங்கள் உள்ளே இருந்தோம்.

நங்கூரத்தை எப்போதும் படகின் முன்பக்கத்தில் இருந்தே போடுங்கள். ஓட்டம் வலுத்த நேரத்தில் பின்பக்கம் கட்டினால் நீர் உள்ளே ஏறிப் படகு மூழ்கிவிடும்.

முகத்துவாரம்: போகாமல் இருப்பதே நல்லது

ஆற்றுப் பயணத்தில் உயிருக்கு ஆபத்தான இடம் வாசல்தான். திருவிழா முடிந்து வெளியே வரும் கூட்டமும், உள்ளே நுழையும் கூட்டமும் ஒரே குறுகிய சந்தில் மோதினால் என்ன ஆகும்? வற்றத்தின் ஓட்டம் கடலை நோக்கிப் பாயும்போது, எதிரே கடல் அலை வருகிறது. எதிரோட்டத்தில் அலையின் நீளம் சுருங்கி உயரம் கூடுகிறது, செங்குத்தாகி உடைகிறது. ஏற்றத்தில் தாலாட்டிய அதே இடம், மூன்று மணி நேரம் கழித்துப் படகைக் கவிழ்க்கும்.

போதாக்குறைக்கு வாசலே இடம் மாறும். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மணல் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுக வாயில் மணல் மூடி, தூர்வாரச் சொல்லி மீனவர்கள் குரல் கொடுப்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய செய்தி. போன வருடம் படகு போன வழியில் இந்த வருடம் ஆள் நடந்து போகலாம். புதியவர்கள் முகத்துவாரத்துக்கு உட்பக்கமே இருந்துவிடுவது புத்திசாலித்தனம்.

அட்டவணைக்குத் தெரியாதவை

அட்டவணை சூரிய சந்திரரை வைத்துப் போட்டது. காற்றும் மழையும் அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் கடல் மட்டமே பொதுவாகச் சற்று உயர்ந்திருக்கும். மேலே மழை கொட்டினால் ஓதமே எடுபடாது, ஆறு நாள் முழுக்கக் கடலை நோக்கியே ஓடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் நாளில் தூண்டிலை வீட்டிலேயே வையுங்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் காற்று, அலை முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. கிளம்பும் முன் ஒரு பார்வை போதும்.

பிச்சாவரம் மாதிரியான காப்புக் காட்டுக்குள் சொந்தப் படகோடு நுழைய நினைத்தால் முதலில் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். மற்ற இடங்களில் அந்தக் குப்பத்தில் போய், வலை எங்கெங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். அவர்களுடைய பிழைப்பு அது, நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கேட்டால் மேடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

உயிர்காப்பு உடை ஆளுக்கு ஒன்று; உட்கார வசதியாக இருக்கிறதென்று அதை மடித்துப் போடாமல் உடம்பில் அணியுங்கள். கரையில் ஒருவரிடம், டீக்கடைக்காரரானாலும் சரி, எந்த ஓடைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 என்பதையும் அவரிடம் கொடுங்கள். நான் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி கூட்டித்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் மைத்துனர் இன்னும் ஒரு கிழங்கானுக்காகத் தூண்டிலை எடுக்க மறுக்கும் நாளிலெல்லாம் பாவம் அந்த டீக்கடைக்காரர் பதறிப்போகிறார்.